சுருளிப்பட்டியை அளக்க நாகப்பட்டினத்துக் கடல் எதற்கு? தெரியுமா?

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் சுருளிப்பட்டி. சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள், தலைக்கு மேலே மேகமலை. அருவிக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள்.

இந்த ஊரின் மேடு எது, பள்ளம் எது, பெய்த மழை எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு தாளில் பிசகாமல் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையின் கதையில் யார் யாரெல்லாம் வருகிறார்கள் தெரியுமா? ராஜராஜ சோழன் வருகிறான். சீனச் சக்கரவர்த்தி வருகிறார். பிரெஞ்சுப் போர்க்கப்பல், இமயமலை, விண்வெளி ஓடம், ஒற்றை யானை எல்லாம் வருகின்றன! ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. ஊருக்கும் நம்பர் உண்டு, தெரியுமா?

58 ஜி/6. சுருளிப்பட்டி இடம்பெறும் டோப்போ ஷீட்டின், அதாவது மேடு பள்ளத்தைக் காட்டும் வரைபடத்தின், எண் இது! சர்வே ஆஃப் இந்தியா நாட்டையும் அக்கம்பக்கத்தையும் நான்கு டிகிரிக்கு நான்கு டிகிரி கட்டங்களாகப் பிரித்து வரிசையாக எண் கொடுத்தது. நம் தென்கோடி 58ஆவது கட்டம். அதைப் பதினாறாக வெட்டி ஆங்கிலத்தின் முதல் பதினாறு எழுத்துகளைச் சூட்டினார்கள். அதில் ‘ஜி’ என்பது 77 முதல் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை, 9 முதல் 10 டிகிரி வடக்கு அட்சரேகை வரை உள்ள சதுரம். அதையும் பதினாறாக வெட்டினால் ஆறாவது துண்டில் கம்பமும் சுருளிப்பட்டியும் சுருளி அருவியும் சேர்ந்தே வந்துவிடும். ஒரு துண்டு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளம், அதே அளவு அகலம். இந்தியாவின் எந்தக் குக்கிராமத்தையும், பாலைவனத்தின் நடுவே நாலு வீடு இருக்கும் ‘தாணி’ என்ற சிற்றூரையும்கூட, இப்படி ஓர் எண்ணைச் சொல்லியே சுட்டிவிடலாம்!

2. மலையைத் தாளில் படுக்கவைத்த வித்தை!

தாள் தட்டை. மலையோ நிமிர்ந்து நிற்கிறது. எப்படி வரைவது? கோடையில் கண்மாய் வற்ற வற்ற, கரையைச் சுற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக நீர்த்தடம் விழுமே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடத்தில் எங்கே கால் வைத்தாலும் உயரம் ஒன்றுதான். சம உயரக் கோடு என்பது அதேதான்! ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் என்ற அளவில் வரையப்படும் டோப்போ ஷீட்டில், 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு என்பது வழக்கம். கோடுகள் விலகியிருந்தால் மெல்லிய சரிவு, வயல்வெளி. நெருங்கியிருந்தால் செங்குத்து. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தால் அங்கே பாறைச் சுவர் நிற்கிறது என்று அர்த்தம்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். அப்படியானால் சாலை இருபதுக்கும் மேற்பட்ட கோடுகளைக் கடந்தாக வேண்டும். நேராகக் கடந்தால் எந்த லாரியும் ஏறாது. அதனால்தான் கோட்டோடு கொஞ்ச தூரம் ஓடி, ஒரு வளைவு திரும்பி, அடுத்த கோட்டை எட்டிப் பிடிக்கிறது சாலை!

3. கறுப்பு ஓடைக்கும் நீல ஓடைக்கும் என்ன வித்தியாசம்?

டோப்போ ஷீட்டில் எல்லா ஓடையும் நீலம் என்றா நினைத்தீர்கள்? ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடினால்தான் நீலம். மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் ஓடைக்குக் கறுப்பு! ராஜஸ்தானத்துப் பாலைவன ஷீட்டுகளில் நீலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பழுப்பு என்றால் சம உயரக் கோடு, மஞ்சள் என்றால் சாகுபடி நிலம், பச்சை என்றால் காடு, சிவப்பு என்றால் ஊரும் சாலையும். இன்னொரு ரகசியம்: கண்மாய்க் கரையோரம் ‘5’ என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாக ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தால், அது கடல்மட்ட உயரம் கிடையாது. கரை தன் அடித்தரையிலிருந்து 5 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று பொருள்! கிணற்றின் ஆழத்தையும் ஓடைப் பள்ளத்தின் ஆழத்தையும்கூட இதே முறையில் குறித்துவிடுகிறார்கள்.

4. மலையடிவார ஊருக்குக் கடல் எதற்கு?

உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? கடல்மட்டத்திலிருந்து! ஆனால் கடல் ஒரு நொடிகூட ஒரே மட்டத்தில் நிற்பதில்லையே. அதனால் துறைமுகங்களில் அலையளவுக் கருவிகளை வைத்து, ஆண்டுக்கணக்கில் ஏற்றவற்றம் பார்த்து, சராசரி எடுத்தார்கள். இந்தியாவின் முதல் மட்ட வலைப்பின்னல் 1909இல் முடிந்தபோது அதற்கு ஆதாரமாக இருந்தவை ஒன்பது துறைமுகங்கள். சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் அடக்கம்! அங்கிருந்து சாலையோரமாக, ஒரு கோலுக்கு அடுத்து இன்னொரு கோல் என்று நிறுத்தி மட்டம் பார்த்துக்கொண்டே உள்நாட்டுக்குள் நடந்தார்கள். போகிற வழியில் பாலங்களிலும் கல்தூண்களிலும் மட்டக்குறி வெட்டிவைத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் உயரம் சுமார் 400 மீட்டர் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இத்தனை நடை!

5. கடற்கரையில் நின்றாலும் ‘கழித்தல் 90’!

கன்னியாகுமரியில் காலை அலை நனைக்கிறது. கையில் ஜி.பி.எஸ். கருவி. உயரம் எவ்வளவு காட்ட வேண்டும்? பூஜ்யம்தானே? திருத்தம் செய்யாத அசல் கணக்கைப் பார்த்தால், கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டும்! கருவியில் கோளாறு கிடையாது. செயற்கைக்கோள்கள் பூமியை ஒரு வழவழப்பான கணித உருண்டையாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவு. அங்கே கடல்பரப்பு அந்தக் கணித உருண்டையைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே இதுதான் மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம்! அதன் விளிம்பு நம் தென் மாவட்டங்கள் வரை நீள்கிறது. ஆகவே சுருளிப்பட்டியில் அசல் ஜி.பி.எஸ். உயரத்தை அப்படியே எழுதினால் சுமார் 90 மீட்டர் காணாமல் போய்விடும். அதாவது நாலைந்து சம உயரக் கோடுகள் மாயம்!

6. ஒரு வேலியில் 5,242 கோடியில் ஒரு பங்கு!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று நினைக்கிறீர்களா? ராஜராஜ சோழன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், சோழ நாடு முழுவதும் அளக்கப்பட்டது. அந்தப் பணியை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்றே பட்டம்! அளக்கப் பயன்பட்ட கோல்களின் நீளம் கோயில் சுவர்களில் கோடாக வெட்டிவைக்கப்பட்டது. கோலில் சந்தேகம் வந்தால் யாரும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். நிலத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பின்னமாக்கினார்கள் தெரியுமா? ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள்! வேலி 6.6 ஏக்கர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதைத் தரையில் அளந்திருக்க முடியாது. ஆனாலும் வரிக் கணக்கில் ஒரு துளி சிந்தக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்!

7. சென்ட் எங்கிருந்து வந்தது?

“அஞ்சு சென்ட் இடம் வாங்கியிருக்கேன்” என்கிறோம். அந்தச் சென்ட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சங்கிலி இருக்கிறது! 66 அடி நீளம், நூறு கண்ணி. 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வடிவமைத்தது. அளவு ஏன் இப்படி? எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பெருக்கல், வகுத்தலெல்லாம் விரல்நுனியில்! ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. கிராமத்துப் புலப்படங்கள் பலவும் இந்தச் சங்கிலியால் அளந்து வரையப்பட்டவைதான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புலப்படத்தில் எல்லை இருக்கும், நீளம் இருக்கும், கல் இருக்கும். மேடு பள்ளம் இருக்காது! அதற்கு டோப்போ ஷீட்தான் வேண்டும்.

8. சீனச் சக்கரவர்த்திக்குப் போன சங்கிலி, பரங்கிமலைக்கு வந்தது!

10 ஏப்ரல் 1802. சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் எஃகுச் சங்கிலியைத் தரைக்கு மேலே நீட்டிப் பிடிக்கச் சொன்னார். இந்தியாவின் மகா முக்கோண அளவை அன்றுதான் தொடங்கியது! அந்தச் சங்கிலியின் கதை சினிமாவை மிஞ்சும். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த அது, மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போனது. பரிசாகக் கொடுக்கப்படாமலே இந்தியாவுக்கு வந்து, விலைக்கு லாம்டன் கையில் சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளுமே, என்ன செய்வது? சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்து நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் எழுதினார்கள். ஏழரை மைல் தூரத்தை அளக்க ஆனது 57 நாள்!

அந்த ஒரே ஒரு கோடு தெரிந்தால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், குன்றின் தூரம் கணக்கிலேயே வந்துவிடும். முக்கோணத்தின் மேல் முக்கோணம் அடுக்கிக் குமரி முதல் இமயம் வரை போனது இப்படித்தான்!

9. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், பெரிய கோயிலில் மோதியதும்!

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி லாம்டனுக்காக லண்டனில் வில்லியம் கேரியால் செய்யப்பட்டது. எடை ஏறத்தாழ அரை டன்! அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் மடக்கி மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. போர்க்காலம். கருவி போனது போனதுதான் என்று நினைப்போம், இல்லையா? பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள், இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள்!

கடலில் தப்பியது கரையில் தப்பவில்லை. சமவெளியில் குன்று கிடைக்காத இடங்களில் லாம்டன் கோபுரங்களில் ஏறிக் கோணம் பார்ப்பார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு தளர்ந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் அசரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைத் தாமே நிமிர்த்தி, அதே கருவியோடு மறுபடியும் கிளம்பிவிட்டார்!

10. பூமிக்கு வடிவம் கொடுத்தது நம் மண்!

லாம்டனின் வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். இந்தியாவில் அளந்த வளைவை வைத்து அவர் 1830இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். ‘எவரெஸ்ட் நீள்கோளம்’ என்று அதற்குப் பெயர். நம் பழைய டோப்போ ஷீட்டுகள் எல்லாம் அந்த வடிவத்தின்மேல் வரையப்பட்டவை. செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ வேறொரு வடிவத்தை. விளைவு? செல்போன் காட்டும் ஆயத்தொலைவை வைத்துப் பழைய ஷீட்டில் புள்ளி வைத்தால், இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். திராட்சைத் தோட்டத்தில் நிற்கிற நீங்கள் வரைபடத்தில் ஓடைக்குள் நிற்பீர்கள்! இரண்டையும் பொருத்த ஒரு மாற்றுக் கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் பழைய ஷீட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

11. தூக்குக்குண்டை இமயமலை இழுக்கிறது!

கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு நேராகக் கீழேதான் தொங்கும் என்பீர்கள். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்கும்! வட இந்தியாவில் காலியானா, காலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம், முக்கோணக் கணக்கில் ஒன்றாகவும், தூக்குக்குண்டை நம்பிய நட்சத்திரக் கணக்கில் வேறாகவும் வந்தது. வித்தியாசம் ஐந்து விநாடிக் கோணத்துக்குச் சற்று அதிகம். 1855இல் ஜான் பிராட் என்ற பாதிரியார் இமயத்தின் இழுப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். இன்னொரு அதிர்ச்சி! கணக்குப்படி மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் இழுத்திருந்தது. அப்படியானால் மலைக்கு அடியில் கனம் குறைவு. மலைகளுக்கு ஆழமான, இலேசான வேர் உண்டு என்ற புவியியல் கருத்து இந்தப் பிசகிலிருந்துதான் பிறந்தது. நிலம் அளக்கப் போனவர்கள், நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

12. கம்பம் பள்ளத்தாக்கை அளந்தவர் யார்?

பெஞ்சமின் வார்டு. மதராஸ் ராணுவத்தின் லெப்டினன்ட். கானர் என்ற இன்னொரு லெப்டினன்ட்டோடு சேர்ந்து 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்தார். பிறகு மதுரை, திண்டுக்கல் சீமைகள். 1821இல் பழனி மலைமேல் ஏறி, பின்னாளில் கொடைக்கானல் உருவாகப்போகும் பீடபூமியைப் பார்த்த முதல் ஐரோப்பியரும் இவர்தான்! ஒவ்வொரு ஊரின் நிலம், நீர், காடு, பாதை, மக்கள் என்று வரைபடத்தோடு விவரக் குறிப்பும் எழுதிவைத்தார்கள். புலியும் மலைக்காய்ச்சலும் நிறைந்த காட்டில், மூன்றுகால் பலகையில் தாளை விரித்து, கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்த காலம் அது!

13. ‘முடியவே முடியாது’ என்றது ஓர் அளவை. ‘முடியும்’ என்றது இன்னோர் அளவை!

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் ஒரு நீர்ப்பிரி மேடு. அதன் கிழக்கே விழும் மழை வைகைக்கு. மேற்கே விழும் மழை பெரியாறு வழியாக அரபிக் கடலுக்கு. அந்தப் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கேட்டவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை! 1808இல் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்தார். மேட்டை நூறு அடிக்கு மேல் வெட்ட வேண்டிவரும், இது வெறும் கற்பனை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

மலை அப்படியேதான் இருந்தது. அளவை மேம்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் புதிய திட்டம் போட்டார். 1882இல் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஜான் பென்னிகுவிக்கிடம் வந்தது. ஆற்றை அணை கட்டி உயர்த்து. நீர் பின்வாங்கி மேட்டின் இடுப்பைத் தொடும். அந்த இடத்தில் மலையைத் துளை! 1887இல் வேலை தொடங்கி, 1895இல் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. அணையில் 104 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் நம் பக்கம் வராது என்று கம்பத்து விவசாயிகள் வாய்ப்பாடாகச் சொல்வார்களே, அந்த எண்ணைக் கொடுத்ததும் சுரங்க வாயின் உயரம்தான்!

14. குத்தகைப் பத்திரத்துக்குள் ஒரு சம உயரக் கோடு!

29 அக்டோபர் 1886. மதராஸ் அரசுக்கும் திருவிதாங்கூருக்கும் 999 ஆண்டுக் குத்தகை. நிலத்தின் எல்லையை எப்படி எழுதினார்கள் தெரியுமா? வடக்கே இன்னார் தோட்டம், தெற்கே இன்னார் கிணறு என்று எழுத அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்? பெரியாற்றுப் படுகையின் ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஓடும் சம உயரக் கோட்டுக்குள் அடங்கிய 8,000 ஏக்கர் என்று எழுதினார்கள்! கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு பத்திரத்தில் எல்லைக்கல் ஆகிவிட்டது. வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970இல் அது 30 ரூபாய் ஆனது.

இன்றும் முல்லைப் பெரியாறு என்ற இந்த அணையைப் பற்றிப் பேசினாலே அடிக்கணக்குதான். தண்ணீரைத் தேக்கும் உயரத்துக்கு 1979இல் வைத்த வரம்பு 136 அடி. 7 மே 2014 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 142 அடி. முழுக் கொள்ளளவு 152 அடி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் காட்டில் எத்தனை ஏக்கர் மூழ்கும், வைகைப் பாசனத்தில் எத்தனை ஏக்கர் நனையும் என்ற வரைபடக் கணக்கு இருக்கிறது!

15. கோட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கும் வாய்க்கால்!

லோயர் கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்துக்கு அது சுலபம். தள்ளியிருக்கும் மேட்டு நிலத்துக்கு? அதற்குத்தான் பதினெட்டாம் கால்வாயும் பி.டி.ராஜன் கால்வாயும். இவை ஆற்றைப் போலப் பள்ளத்தைத் தேடி ஓடுவதில்லை. உயரத்தைக் கூடுமானவரை இழக்காமல், சம உயரக் கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போகின்றன. மேப்பில் பார்த்தால் ‘ஏன் இப்படிச் சுற்றுகிறது, நேராக வெட்டியிருக்கலாமே’ என்று தோன்றும். நேராக வெட்டியிருந்தால் வழியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் விழுந்திருக்கும். விழுந்த தண்ணீர் மோட்டார் இல்லாமல் மேலே ஏறாது!

16. ஒரே மேகம், இரண்டு கணக்கு!

குமுளிக்கு அந்தப் பக்கம் பீர்மேடு. ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்தப் பக்கம் தேனி மாவட்டம். ஆயிரத்தைத் தொடுவதே அரிது! நேர்க்கோட்டில் சில பத்துக் கிலோமீட்டர்தான் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. இறங்கும்போது வறண்ட காற்றாக வருகிறது. இன்னும் தெற்கே, அதே பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து செய்ததைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்குப் போங்கள். குதிரைமொழித் தேரியில் செம்மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு குட்டிப் பாலைவனம்! காற்று மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும் இடத்தில் சம உயரக் கோடும் நிலைக்காது. பாலைவனச் சிற்றூர்களை வரைகிறவர்களுக்கு எப்போதும் உள்ள தலைவலி அதுதான். இன்று வரைந்த மேடு சில ஆண்டுகளில் இடம் மாறியிருக்கும்!

17. ஜபமாலையில் மைல் கணக்கு, கொதிநீரில் மலை உயரம்!

அளவைக்காரர்கள் நுழையவே கூடாது என்றிருந்த திபெத்தை அளந்தவர் நயின் சிங் ராவத். யாத்ரீகர் வேஷம். கையில் ஜபமாலை. ஆனால் அதில் 108 மணிக்குப் பதிலாக 100 மணிதான்! நூறு எட்டு நடந்தால் ஒரு மணி தள்ளுவார். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவைக் குறிப்புகள்! 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

உயரத்தை எப்படிப் பார்த்தார்? தண்ணீரைக் கொதிக்கவைத்து! ஏறத்தாழ 300 மீட்டர் ஏற ஏற, கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். மேகமலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டீக்குத் தண்ணீர் வையுங்கள். 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். நல்ல வெப்பமானி இருந்தால் நீங்கள் நிற்கும் உயரத்தை அடுப்பிலேயே படித்துவிடலாம்!

18. பதினொரு நாளில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு!

லாம்டன் ஏழரை மைலுக்கு 57 நாள் எடுத்துக்கொண்டார் அல்லவா? பிப்ரவரி 2000இல் ‘எண்டெவர்’ விண்வெளி ஓடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, அதன் இரு முனைகளிலும் ரேடார் வைத்துப் பறந்தது. பதினொரு நாளில் உலகத்து நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் உயரத்தை அள்ளிவிட்டது. சுருளிப்பட்டியும் அதில் உண்டு! 5 மே 2005 அன்று இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1 இன்னொரு வழியில் போனது. முன்பக்கம் ஒரு கேமரா, பின்பக்கம் ஒரு கேமரா என்று ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் படம்பிடித்து, நம் இரு கண்களும் ஆழம் காண்கிற கணக்கில் உயரத்தை எடுத்தது.

ஆனால் ஒரு வேடிக்கை! எண்டெவரின் ரேடாருக்கு அடர்காட்டில் தரை சரியாகத் தெரியாது. மேகமலைச் சோலையில் அது மரத்தின் தலையைத் தரை என்று எண்ணிக்கொள்ளும். காட்டை வெட்டினால் மலையே குள்ளமாகிவிட்டதாகக் கணினி சொல்லும்!

19. யானை வரைந்த வரைபடம்!

2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற யானைக்குக் கழுத்தில் ஜி.பி.எஸ். காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது அங்கே நிற்கவில்லை. மேட்டைத் தாண்டி இறங்கி, 27 மே அன்று கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது! தடை உத்தரவு போட்டார்கள். பிறகு சுருளிப்பட்டி, சுருளி அருவிப் பகுதி, சண்முகாநதி அணைப் பக்கம் என்று சுற்றியது. 5 ஜூன் அன்று சின்ன ஓவுலாபுரம் அருகே பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போனது. அத்தனை நாளும் வனத்துறை அதைத் துரத்தியது காலர் அனுப்பிய புள்ளிகளை மேப்பில் வைத்துத்தான்.

யானைக்கும் சம உயரக் கோட்டுக்கும் என்ன உறவு? கென்யாவின் சம்புருவில் காலர் மாட்டிய யானைகளை ஆராய்ந்தவர்கள் 2006இல் ஒன்றைக் கண்டார்கள். யானைகள் செங்குத்தான குன்றுகளைத் தவிர்க்கின்றன! அத்தனை எடையைத் தூக்கிக்கொண்டு ஏறினால், செலவான சக்தியை ஈடுகட்டவே மணிக்கணக்கில் மேய வேண்டும். ஆகவே சரிவு குறைந்த இடம்தான் அவற்றின் பாதை. அதே இடத்தில்தான் நாமும் ரோடு போடுகிறோம், தோட்டம் வைக்கிறோம். மோதல் எங்கே வரும் என்பதைக் கோடுகளின் நெருக்கமே முன்கூட்டிச் சொல்லிவிடும்!

20. உங்கள் தோட்டத்துக்கு நீங்களே கோடு போடலாம், தெரியுமா?

செயற்கைக்கோள் வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டம் போதும்! கண்ணாடிபோலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு முனைகளையும் அளவு குறித்த இரண்டு குச்சிகளில் கட்டுங்கள். ஒருவர் ஒரு குச்சியோடு ஓரிடத்தில் நிற்கட்டும். இன்னொருவர், இரண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே அளவைக் காட்டும் இடம் வரும்வரை சரிவில் மேலும் கீழும் நகரட்டும். கிடைத்ததும் ஒரு முளை அடியுங்கள். முதலாமவர் அங்கே வரட்டும். மற்றவர் அடுத்த புள்ளியைத் தேடட்டும். முளைகளைச் சேர்த்து ஒரு கயிறு கட்டினால், அதுதான் உங்கள் தோட்டத்தின் சம உயரக் கோடு!

அந்தக் கயிற்றின்மேலேயே வரப்புப் போடுங்கள். மழைநீர் வரப்பின் நீளம் முழுக்க ஒரே ஆழத்தில் தேங்கி, மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் உள்ளே இறங்கும். கயிற்றைவிட்டு நேராக வரப்புப் போட்டால் தண்ணீர் பள்ளமான மூலையில் சேர்ந்து, அங்கே உடைத்துக்கொண்டு போகும். மழைக்கு முன்னால் இரண்டு பேர், ஒரு குழாய், அரை நாள் வேலை. குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் தப்பும். அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!